தலைக்கு இத்தனை லட்சம் கடன் என்கிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

காங்கயம் கயல்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. அரசாங்கக் கடன் பற்றி எனக்கு ஒரு தெளிவு வேண்டும். டிவி விவாதத்தில் கத்துகிற மாதிரிப் பதில் வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் போதும்.

எங்கள் வீட்டில் இது தீராத வாக்குவாதம். சித்தப்பா ஒரு கட்சி, மாமா இன்னொரு கட்சி. தமிழ்நாட்டின் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது, பிறக்கிற குழந்தை கூடக் கடனோடுதான் பிறக்கிறது, இலவசமாகக் கொடுத்துக் கொடுத்தே கஜானாவைக் காலி செய்துவிட்டார்கள், இப்படியே போனால் இலங்கைக்கு வந்த கதிதான் நமக்கும் என்று சித்தப்பா சொல்கிறார். மாமா விடுவதில்லை. டெல்லியின் கடன் 200 லட்சம் கோடியை நெருங்கிவிட்டது, அதை ஏன் யாரும் கேட்பதில்லை, நம் ஊரில் வரியை வசூலித்துக்கொண்டு போய் நமக்குக் கிள்ளிக் கொடுக்கிறார்கள், அதனால்தான் நாம் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம். அப்பாவுக்கு இரண்டு பேர் மேலும் நம்பிக்கை இல்லை, தோட்டத்து மோட்டாருக்கு வருகிற இலவசக் கரண்டை நிறுத்திவிடுவார்களா என்பது மட்டும்தான் அவர் கவலை.

நான் பி.காம் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒரு கம்பெனியின் வரவு செலவைக் கொடுத்தால் அது தேறுமா தேறாதா என்று ஓரளவு சொல்லிவிடுவேன். அரசாங்கக் கணக்கு மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது. மொத்தக் கடன் ஏறிக்கொண்டே போவது அதனளவிலேயே ஆபத்தா? இந்தப் பணத்தை யாரிடம் வாங்குகிறார்கள்? மாநிலத்தின் கடனும் மத்திய அரசின் கடனும் ஒன்றுதானா? சித்தப்பாவை ஜெயிப்பதற்காகக் கேட்கவில்லை. நாளைக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சோமனூர் தறிக்காரர்:

அம்மணி, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கடன் இல்லாத தறிக்குடோன் கிடையாது. தறி வாங்கக் கடன் வாங்கினவன் கூலிக்கு ஓட்டி அசலையும் வட்டியையும் கட்டிவிடுவான். அதே ஆள் சீர் செய்யவும் விருந்து போடவும் வட்டிக்கு வாங்கினால் கடைசியில் தறியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டி வரும். தொகை இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருந்தாலும் கடன் ஒன்றில்லை. அரசாங்கத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஆனால் இலவசம் என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உங்கள் அப்பாவின் தோட்டத்துக்கு வரும் கரண்ட் யாரோ தூக்கிப் போட்ட பிச்சை இல்லை. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மீது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் செத்தார்கள். வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு 1972-ல் கோயமுத்தூர் வீதிகளை மாட்டுவண்டியால் நிறைத்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, 1990-ல்தான், எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் என்று வந்தது. இருபது வருசம் போராடி வாங்கினதை இன்றைக்கு ஒருத்தர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ‘ஓட்டுக்காகக் கொடுத்த இலவசம்’ என்று எழுதினால் மனசு எரிகிறது.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாக இருந்தது, 2023-ல் 1,000 யூனிட் ஆக்கினார்கள். அது இல்லையென்றால் கூலிக்கு ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் தறியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் பாவு ஓட்டுகிறவர், நூல் போடுகிறவர், லாரிக்காரர் என்று எத்தனை குடும்பம் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் குடும்பங்கள் கடையில் சாமான் வாங்கும்போது கட்டுகிற ஜிஎஸ்டியும் அரசாங்கத்துக்குத்தானே போகிறது? இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

ஈரோடு கருவூலம்:

கருவூலக் கணக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் போட்டவர் நம் கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947 நவம்பர் 26. வரவு சுமார் 171 கோடி, செலவு சுமார் 197 கோடி. முதல் பட்ஜெட்டிலேயே 26 கோடி துண்டு விழுந்தது. பிரிவினை, அகதிகள், ராணுவம் என்று அன்றைக்கு அத்தனை நெருக்கடி. அதற்குப் பிறகு எந்தக் கட்சி வந்தும் கடன் வாங்காமல் ஆட்சி நடத்தியதில்லை. அதனால் ‘கடன் இருக்கிறதா’ என்ற கேள்வியை விட்டுவிடலாம். வாங்கிய கடன் எதற்குப் போகிறது, வட்டி நம் வருமானத்தில் எவ்வளவைத் தின்கிறது, இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் கடன் சுமார் 9.30 லட்சம் கோடி நிலுவையில் நிற்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது, மாநிலத்தின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில் 26 சதவீதம். குடும்ப அட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வீட்டுக்கு 4 லட்சத்துக்கு மேல் வரும். இந்தத் தலைக்கணக்கு கேட்பவரைப் பயமுறுத்தும், அதைத் தாண்டி ஒன்றும் சொல்லாது. அதே பட்ஜெட்டில் இருக்கும் இன்னொரு வரியைப் பாருங்கள்: நிதிப் பற்றாக்குறை சுமார் 1.07 லட்சம் கோடி, வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 41,600 கோடி. முதலாவது, அந்த ஆண்டு நாம் நிகரமாக வாங்கப் போகும் கடன். இரண்டாவது, சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே வருமானம் பற்றாமல் போகும் தொகை. இரண்டையும் வகுத்துப் பார்த்தால், புதிதாக வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய் அன்றாடச் செலவுக்குப் போகிறது. சோமனூர்க்காரர் சொன்ன விருந்துக் கடன் இந்த 39 ரூபாய்தான். மீதிதான் பாலம், அணை, ரோடு, கட்டடம் என்று சொத்தாகிறது. உங்கள் சித்தப்பா 9 லட்சம் கோடியை விட்டுவிட்டு இந்த 39 ரூபாயைப் பிடித்தால் அவர் வாதத்துக்குப் பலம் இன்னும் கூடும்.

வட்டிக்கு வருவோம். மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி, வட்டி 70 ஆயிரம் கோடிக்கு மேல். 100 ரூபாய் வந்தால் 21 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. மத்திய அரசுக்கு இது இன்னும் மோசம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் வருவாய் வரவு 34.20 லட்சம் கோடி, வட்டி 12.76 லட்சம் கோடி. 100-க்கு 37 ரூபாய். அங்கேயும் புதுக் கடனில் மூன்றில் ஒரு பங்கு வருவாய்ப் பற்றாக்குறையை அடைக்கத்தான் போகிறது. மாமா டெல்லியைக் காட்டுவது நியாயம்தான், ஆனால் டெல்லி செய்வதால் சென்னை செய்வது சரியாகிவிடாது.

மாநிலம் ரூபாய் அச்சடிக்க முடியாது. மத்திய அரசிடம் பழைய கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதுக் கடன் வாங்க மத்திய அரசின் சம்மதம் வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 293-வது பிரிவு சொல்கிறது. 2025-26-ல் மாநில உற்பத்தியில் 3 சதவீதம், மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் கூடுதலாக அரை சதவீதம் என்று வரம்பும் இருந்தது. மத்திய அரசின் கையும் முழுவதும் அவிழ்ந்ததில்லை. 1997 வரை பற்றாக்குறை வந்தால் ரிசர்வ் வங்கியிடம் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் வழி இருந்தது, அதை ஒப்பந்தம் போட்டு நிறுத்தினார்கள். 2003-ல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்து பற்றாக்குறையை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றது. 2025-26 பட்ஜெட்டிலும் மத்திய அரசு 4.4 சதவீதத்தில்தான் நின்றது.

வரிப்பங்கில் மாமா சொல்வதில் உண்மை இருக்கிறது. மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பிரிக்கும் தொகையில் (இந்தப் பங்கைப் பரிந்துரைப்பது நிதிக்குழு) ஒன்பதாவது நிதிக்குழு காலத்தில் நமக்கு 7.931 சதவீதம் கிடைத்தது, பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079. செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் தனியாக வசூலிப்பது பங்குக்கே வருவதில்லை. ஆனால் இந்தக் குறை எல்லாக் கட்சி ஆட்சியிலும் இருந்தது. 2011-12, 2012-13 இரண்டு ஆண்டும் வருவாய் உபரி காட்டிய மாநிலம் 2013-14-லிருந்து தொடர்ந்து பற்றாக்குறையில் கிடப்பதற்கு டெல்லி மட்டுமே காரணம் என்று நான் எழுத மாட்டேன்.

இத்தனை வருசம் பார்த்ததில் ஒன்று சொல்கிறேன். 2001-ல் அதிமுக ஆட்சிக்கு வந்ததும் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது, முந்தைய ஆட்சி கஜானாவைக் காலி செய்துவிட்டது என்று. 2021 ஆகஸ்டில் திமுக வெள்ளை அறிக்கை வெளியிட்டது, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று. எதிர்க்கட்சியாக இருக்கும்போது மொத்தத் தொகையைச் சொல்வார்கள், ஆளுங்கட்சியானதும் சதவீதத்தைச் சொல்வார்கள். இரண்டு பேரும் வருவாய்ப் பற்றாக்குறையை எந்த ஆண்டுக்குள் பூஜ்யமாக்குவோம் என்று மேடையில் சொல்வதில்லை. அதைக் கேளுங்கள், அம்மணி.

பீளமேடு பட்டறை:

ஈரோடு ஐயா எழுதியது முழுவதும் படித்தேன். கணக்கில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் நல்ல கடன், கெட்ட கடன் என்று பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல ஒரு நிம்மதி வருகிறதே, அது ஆபத்து. சொத்துக்கு என்று வாங்கின கடனும் விரயமாகலாம். கட்டிவிட்டுப் பராமரிக்காமல் விட்டால் அது சொத்தே இல்லை.

மின்வாரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடனையும் நஷ்டத்தையும் கடைசியில் மாநில பட்ஜெட்தான் சுமக்கிறது. 2017-ல், மின்வாரியங்களைக் கடனிலிருந்து மீட்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் சேர்ந்தபோது 22,815 கோடிக் கடனை மாநில அரசே தன் தலையில் எடுத்துக்கொண்டது. அப்படியும் தீராமல் 2022 செப்டம்பரில் கட்டணத்தை உயர்த்தினார்கள். சிறு தொழில்களுக்கு கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம் 112 கிலோவாட் இணைப்புக்கு 150 ரூபாய் அளவுக்கு ஏறியது. ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மிஷின் ஓடினாலும் நின்றாலும் கட்டியாக வேண்டும். மின்தேவை அதிகமாக இருக்கும் நேரத்துக்கான பீக் அவர் கட்டணம் தனி. 2023-ல் கோயமுத்தூர், திருப்பூர் சிறுதொழில் முழுவதும் ஒருநாள் கதவடைத்துப் போராடியது இதற்காகத்தான். அரசாங்கம் கடன் வாங்கி யாருக்கோ சலுகை கொடுக்கிறது, அந்தச் சுமை வேறு பெயரில் எங்கள் பில்லில் வந்து உட்காருகிறது. சோமனூர் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, விசைத்தறிக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் கொடுக்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதி வைத்துக்கொண்டு கொடுங்கள் என்கிறேன்.

தேர்தல் வந்தால் எல்லோரும் ஒன்றுதான். 2021 பிப்ரவரியில், தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே, 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி. ஆட்சி மாறியது, அடுத்து வந்தவர்கள் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி. தவணை தவறாமல் கட்டினவனுக்கு ஒன்றும் கிடையாது. இதைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை எவன் ஒழுங்காகக் கட்டுவான்?

டெல்லியும் இதில் சளைத்ததில்லை. 2019-ல் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள், அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அவர்களே சொன்னார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை கம்பெனியாகப் பதிவு செய்யாதவை. பார்ட்னர்ஷிப் நடத்துகிறவன் இன்றைக்கும் 30 சதவீதம்தான் கட்டுகிறான். ஆயிரம் ரூபாய் வாங்குகிற அம்மாவை ‘இலவசம் வாங்குகிறாள்’ என்று பேசுகிறவர்கள் அந்த 1.45 லட்சம் கோடியைப் பற்றிப் பேசினால்தான் நான் அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பேன்.

கோபி டீச்சர்:

பீளமேடு அண்ணன் கடைசியாக எழுதியதற்காகவே வந்தேன். மகளிர் உரிமைத் தொகை பற்றி ஆண்கள் பேசும் தொனி எனக்குச் சகிக்கவில்லை, அதனால் கணக்கோடு பேசுகிறேன்.

2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. 2025-26 பட்ஜெட் சமயத்தில் 1 கோடியே 15 லட்சம் பேர், மாதம் 1,000 ரூபாய். 2025-26-க்கு ஒதுக்கியது 13,807 கோடி. பெரிய தொகைதான். அதே அரசுக்கு டாஸ்மாக் மூலமாக வரும் வருமானம் 2024-25-ல் 48 ஆயிரம் கோடிக்கு மேல். அந்தப் பணம் யார் வீட்டிலிருந்து போகிறது? எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வீட்டிலிருந்து. அந்த வீட்டு அம்மாக்கள் கையில்தான் இந்த ஆயிரம் வருகிறது. மூன்றரை ரூபாய் எடுத்துக்கொண்டு ஒரு ரூபாயைத் திருப்பித் தருகிறார்கள், அந்த ஒரு ரூபாய்க்குத்தான் மாநிலம் திவாலாகிறது என்கிறீர்களா?

ஈரோடு ஐயா அன்றாடச் செலவை விருந்துக் கடன் என்று எழுதிவிட்டார். பெரியவர் என்றாலும் மறுத்துத்தான் ஆக வேண்டும். காலைச் சிற்றுண்டி 2022 செப்டம்பரில் வந்தது. அதுவும் கணக்குப்படி வருவாய்ச் செலவுதான், பாலம் மாதிரி கண்ணுக்குத் தெரியும் சொத்து இல்லை. 1982-ல் எம்ஜிஆர் சத்துணவைக் கொண்டுவந்தபோதும் இதே வாதத்தைத்தான் வைத்தார்கள், பணத்துக்கு எங்கே போவது என்று. அந்தச் சாப்பாட்டுக்காகப் பள்ளிக்கு வந்து படித்தவர்கள்தான் இன்றைக்குத் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் வேலை செய்து வரி கட்டுகிறார்கள். காலையில் பசியோடு வந்து பிரேயரில் மயங்கி விழும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அது குறைந்திருக்கிறது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன், என் சக ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தொடாமல் பேசுகிறார்கள். 2025-26-ல் சம்பளம் 90 ஆயிரம் கோடி, ஓய்வூதியம் 41 ஆயிரம் கோடி. 2003 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்த எங்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, அதைக் கேட்பது எங்கள் உரிமை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கேட்கும்போது அதற்கு வருமானம் எங்கிருந்து என்பதையும் நாங்களே சேர்த்துச் சொல்ல வேண்டும். செலவை வெட்டு என்று மட்டும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வரவு ஏன் கூடவில்லை, எந்த வரி வசூலாகாமல் போகிறது, கனிமம் கொள்ளை போகிறதே அதில் அரசுக்கு வர வேண்டியது எங்கே என்று ஏன் கேட்பதில்லை?

காங்கயம் கயல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. 39 ரூபாய்க் கணக்கு எனக்கு நன்றாகப் பிடிபட்டது. டீச்சர் அக்கா சொன்னதும் மனசில் நிற்கிறது.

ஈரோடு ஐயா, இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது. கடன் கொடுப்பது யார்? இலங்கை மாதிரி ஆகிவிடும் என்பதற்கு என்ன பதில்? சித்தப்பா ஒவ்வொரு தடவையும் அங்கேதான் வந்து நிற்கிறார்.

ஈரோடு கருவூலம்:

டீச்சரம்மா சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். காலைச் சிற்றுண்டியை விருந்து என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் அது அவ்வளவு அவசியமானது என்பதால்தான் கடனை நம்பி நடத்தக் கூடாது என்கிறேன். கடன் கிடைக்காத வருசம் ஒன்று வந்தால் முதல் வெட்டு அங்கேதான் விழும். வரி வருமானத்தில் நடக்கும் திட்டத்தை யாரும் அசைக்க முடியாது. ஆக வரவைப் பெருக்கு என்று டீச்சர் சொல்லும் இடத்துக்குத்தான் நானும் வருகிறேன்.

கயல், மாநிலக் கடனில் பெரும்பகுதி கடன் பத்திரங்களை விற்று வாங்குவது. ரிசர்வ் வங்கி வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் மாநிலங்களின் கடன் பத்திரங்களை ஏலம் விடும். வாங்குகிறவர்கள் வங்கிகள், எல்ஐசி போன்ற காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி. உங்கள் கம்பெனியில் மாதாமாதம் பிடிக்கும் பி.எஃப். பணத்தில் ஒரு பங்கு அரசாங்கங்களுக்குக் கடனாகத்தான் போகிறது. நீங்கள் வரி கட்டுகிறீர்கள், அதிலிருந்து வட்டி போகிறது, அந்த வட்டி உங்கள் பி.எஃப். கணக்கில் வந்து சேர்கிறது. ஆனால் பி.எஃப். இல்லாத, எல்ஐசி இல்லாத கூலிக்காரரும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார், அவருக்கு அந்த வட்டியில் பங்கு இல்லை. அரசாங்கக் கடன் ஏறும்போது நடக்கும் அநியாயம் இந்த இடத்தில் இருக்கிறது. நாடு திவாலாகும் என்ற பயத்தைவிட இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

இலங்கை 2022 ஏப்ரலில் கட்ட முடியாமல் நின்றது வெளிநாட்டுக் கடனை. அதை டாலரில் கட்ட வேண்டும், கையில் டாலர் இல்லை, பெட்ரோலுக்கும் மருந்துக்கும் கூட இல்லை. நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 1991-ல் இறக்குமதிக்கு டாலர் இல்லாமல் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. இன்றைக்கு மத்திய அரசின் கடனில் மிகப் பெரும்பகுதி ரூபாயில், நாட்டுக்குள்ளேயே வாங்கியது. மாநிலங்கள் உலக வங்கி, ஜப்பான் நிதி என்று வாங்குவதும் மத்திய அரசு வழியாகத்தான். அதனால் இலங்கை மாதிரி ஒரே மாதத்தில் எல்லாம் நிற்கும் நிலை இங்கே வருவது கடினம். இங்கே வரக்கூடியது மெதுவானது. வட்டி 21 ரூபாயிலிருந்து 25, 30 என்று ஏறும், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் போட மாட்டார்கள், ஆஸ்பத்திரியில் காலியிடம் நிரம்பாது, ரோடு போட்ட ஒப்பந்தக்காரருக்குப் பில் நிலுவையில் கிடக்கும். சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பீளமேடு பட்டறை:

ஐயா, ஒன்று கேட்கிறேன். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் கடனில் கட்டின நல்ல சொத்து என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். எத்தனை தலைமுறைக் கோரிக்கை அது, 2016-ல் அவிநாசியில் உண்ணாவிரதமே இருந்தார்கள். 2019-ல் ஒரு ஆட்சி அடிக்கல் போட்டது, 2024 ஆகஸ்டில் இன்னொரு ஆட்சி திறந்தது, 1,900 கோடிக்கு மேல் மாநில அரசின் பணம், 1,045 குளம் குட்டைக்குத் தண்ணீர். ஆனால் காலிங்கராயன் அணைக்கட்டிலிருந்து ஆறு நீரேற்று நிலையம் வைத்து மேலே ஏற்ற வேண்டும். அந்தக் கரண்ட் பில்லும் பராமரிப்பும் வருசா வருசம் வருகிற செலவு. அது எந்தத் தலைப்பில் வரும்? அதற்குப் பணம் ஒதுக்காமல் விட்டால் குழாய் மண்ணுக்குள் சும்மா கிடக்கும்.

ஈரோடு கருவூலம்:

வருவாய்ச் செலவில்தான் வரும். நீங்கள் முதலில் சொன்னது சரி என்பதற்கு இதுவே நல்ல உதாரணம். ஒவ்வொரு சொத்தும் பிறந்த நாளிலிருந்து அன்றாடச் செலவு ஒன்றைக் கூடவே கொண்டுவருகிறது. நீர்வளத்துறையின் மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் பராமரிப்புத் தலைப்பைத் தேடுங்கள், பட்ஜெட் சமயத்தில் நிதித்துறை இணையதளத்தில் தமிழிலேயே போடுகிறார்கள். ஒதுக்கியது எவ்வளவு என்று அதில் இருக்கும். உண்மையில் செலவழித்தது எவ்வளவு என்பதற்குத் தணிக்கைத் துறையின் நிதிநிலைக் கணக்கைப் பார்க்க வேண்டும், அது கொஞ்சம் தாமதமாகத்தான் வெளிவரும்.

சோமனூர் தறிக்காரர்:

அந்தப் புத்தகத்தை யாராவது எடுத்தால் இங்கேயே போடுங்கள். எங்கள் ஊர்க் குளமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கிராம சபையில் எழுந்து கேட்க எனக்கு அது வேண்டும்.